ஜிப் பற்றி 5 போஸ்டர்: எங்கே கோட்டை விட்டேன்?

வரைகோல் எழுதியது:

வணக்கம். டிசைன் படிப்பில் கடைசிப் பருவம். இந்த முறை கொடுத்திருக்கும் வேலை: தினமும் கையில் படுகிற ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றித் தகவல் வரைபடமாக 5 போஸ்டர் செய்ய வேண்டும். ஏ2 அளவு, 5-ம் ஒரே தொடராகத் தெரிய வேண்டும். குடை, பென்சில், சைக்கிள் எல்லாவற்றையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். நான் என்ன எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பையின் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது, சரி இதையே எடுத்துக்கொள்வோம் என்று எடுத்துவிட்டேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

3 வாரம் படித்தேன், குறிப்பெடுத்தேன், வரைந்தேன். ஜிப்பின் வரலாறு, பாகங்கள், வகைகள், தயாரிப்பு, உங்களுக்குத் தெரியுமா என்று 5 தலைப்பு. ஒரே எழுத்துரு, ஒரே வண்ணக்கூட்டு, எல்லாவற்றிலும் இடது மூலையில் ஒரே மாதிரி வட்டத்துக்குள் எண். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆசிரியை வந்து ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "கலைக்களஞ்சியத்தில் 5 பக்கம் கிழித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். கோபம் வந்தது, ஆனால் வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தால் அவர் சொன்னது சரிதான் என்று தோன்றுகிறது. யாராவது நின்று படிப்பார்களா என்று கேட்டால், நானே படிக்க மாட்டேன்.

கேட்க வேண்டியவை: தொடரை எப்படிப் பிரிப்பது? 5 போஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் ஒரே நீள ஜிப் எல்லாத் தாளிலும் ஓடுவது போலவும், முதல் தாளில் திறந்திருப்பது கடைசித் தாளில் மூடியிருப்பது போலவும் ஒரு யோசனை இருக்கிறது, அது நன்றாக இருக்குமா அல்லது வெறும் வித்தையா? புள்ளிவிவரம் வேறு சிக்கல். உலகத்தில் ஆண்டுக்கு எத்தனை ஜிப் செய்கிறார்கள் என்று தேடினால் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள், எங்கிருந்து எடுத்தார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. எண்ணே இல்லாமல் தகவல் வரைபடம் எப்படி? அப்புறம், தமிழ் எழுத்து மென்பொருளில் உடைகிறது. கொடி என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. அதற்கும் வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

---

கட்டம்கட்டி எழுதியது:

உங்கள் 5 தலைப்பில் ஜிப் என்ற சொல்லை எடுத்துவிட்டுக் குக்கர் என்று போடுங்கள். அப்படியே பொருந்துகிறதா? மிதிவண்டி என்று போட்டாலும் பொருந்தும், பற்பசைக்கும் பொருந்தும். அங்கேதான் கோளாறு. எந்தப் பொருளுக்கும் பொருந்துகிற சட்டத்தை எடுத்து அதற்குள் ஜிப்பைத் திணித்திருக்கிறீர்கள். ஜிப்பிடம் மட்டும் கேட்கக்கூடிய கேள்வியை எடுங்கள்.

நான் கேட்பதாக இருந்தால்: தனித்தனியாகக் கிடக்கிற இரண்டு பல்வரிசையை ஒரு சின்ன உலோகத்துண்டு எப்படிப் பூட்டுகிறது, திரும்பி வரும்போது அதே துண்டு எப்படிப் பிரிக்கிறது? இழுத்தால் பிரியாத பல், ரன்னர் (அந்தச் சின்ன உலோகத்துண்டுதான்) ஓடினால் மட்டும் ஏன் பிரிகிறது? நடுவில் பிளந்துகொண்ட ஜிப் சிலது தானாகச் சரியாகிறது, சிலது குப்பைக்குப் போகிறது, ஏன்? இவ்வளவு எளிதாகத் தெரிகிற பொருளைச் செய்ய ஏன் அத்தனை ஆண்டு பிடித்தது? கேள்வி ஒன்றுக்கு ஒரு போஸ்டர். கேள்வியே தலைப்பு. கேள்விக்கு உதவாத தகவல் எவ்வளவு சுவையாக இருந்தாலும் அந்தத் தாளில் இடம் கிடையாது.

முதல் கேள்வியையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இதை வரையத்தான் நீங்கள் பிறந்திருக்கிறீர்கள். உலோக ஜிப்பின் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பக்கம் சின்ன மேடு, மறுபக்கம் அதே அளவில் சின்னக் குழி. இந்தப் பல்லின் மேடு எதிர்வரிசைப் பல்லின் குழிக்குள் உட்கார்ந்துவிட்டால் பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் வராது. சரி, அப்படியானால் உள்ளே எப்படிப் போகிறது? பட்டை (பல்வரிசையைப் பிடித்திருக்கும் துணி நாடா) நேராக இருக்கும்போது பற்களுக்கிடையே உள்ள இடைவெளி, மேட்டோடு சேர்த்து ஒரு பல் நுழையப் போதாது. ரன்னருக்குள் பாதை ஆங்கில ஒய் வடிவத்தில் இருக்கிறது, இரண்டு பட்டையும் வளைந்து உள்ளே வருகின்றன. வளைவில் பற்கள் விரல்களை விரித்தது போல விரிகின்றன, அந்த நொடியில் எதிர்ப்பக்கத்துப் பல் உள்ளே நுழைகிறது, வளைவு முடிந்து பட்டை நேரானதும் விரல் மூடிக்கொள்கிறது. ஒன்றுவிட்டு ஒன்று, இடது வலது இடது வலது என்று. திறக்கும்போது ரன்னரின் நடுவில் இருக்கும் ஆப்பு இரண்டு வரிசைக்கும் நடுவே புகுந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகிறது.

இதை எழுத எனக்கு ஒரு பத்தி ஆயிற்று. நீங்கள் ரன்னரின் மேல்மூடியைக் கழற்றியதாக வைத்து ஒரே ஒரு படம் வரைந்தால், 6 பல் போதும், ஒரு வார்த்தை எழுதாமல் விளங்கிவிடும். வாய்ப்பு கிடைத்தால் பழைய ரன்னர் ஒன்றை உண்மையிலேயே அறுத்துப் பாருங்கள். இணையத்துப் படத்தைப் பார்த்து வரைந்தால் அடுத்தவர் செய்த தவறும் சேர்ந்து வரும். ஆப்பு முனையில் கூர்மையாக இருக்கும் என்று நினைத்துத்தான் நான் ஒருமுறை வரைந்தேன். அறுத்துப் பார்த்தால் அது மொழுக்கென்று இருந்தது.

அப்புறம் அந்த வட்டத்துக்குள் எண். தொடர் என்றால் மூலையில் ஒரே முத்திரை குத்துவது இல்லை. பார்ப்பவர் முதல் தாளில் கற்றுக்கொண்ட ஏதோ ஒன்று இரண்டாம் தாளில் அவருக்குப் பயன்பட வேண்டும். முதல் தாளில் இடது பட்டை நீலம், வலது பட்டை மஞ்சள், ரன்னர் கறுப்பு என்றால் ஐந்திலும் அப்படியே இருக்கட்டும், விளக்கக் குறிப்பு ஒரு தடவை கொடுத்தால் போதும். அதுதான் தொடர்.

---

சும்மாசொன்னேன் எழுதியது:

"உங்களுக்குத் தெரியுமா" போஸ்டரைத் தூக்கிப் போடுங்கள். மீந்துபோன தகவலையெல்லாம் போட்டு மூடி வைக்கிற டப்பா அது. எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றாது.

---

ஊசிநூல் எழுதியது:

தம்பி, நான் டிசைனர் இல்லை, பை, ஜாக்கெட் தைக்கிற, பழுதுபார்க்கிற வேலை. தங்கை ஒருத்தி இந்தக் குழுவில் இருப்பதால் எட்டிப் பார்ப்பேன். ஜிப் என்று கண்ணில் பட்டதும் நின்றுவிட்டேன்.

"ஜிப் போச்சு" என்று கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலானோர் பல் போய்விட்டது என்று நினைத்துத்தான் வருகிறார்கள். பல்லெல்லாம் நன்றாகவே இருக்கும். போனது ரன்னர். பல நாள் இழுத்து இழுத்து அதன் மேல்தகடும் கீழ்த்தகடும் கொஞ்சம் அகன்றுவிடும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. அகன்ற பிறகு அது பல்லை அழுத்திச் சேர்ப்பதில்லை, சும்மா மேலே நழுவிப் போகிறது. நீங்கள் மூடிக்கொண்டே போவீர்கள், பின்னால் திறந்துகொண்டே வரும். மூட வேண்டிய பக்கத்தில், அதாவது ரன்னரின் பின்வாயில், இரண்டு ஓரத்தையும் குறடால் மெதுவாக ஒரு அழுத்து. மெதுவாக என்றால் மெதுவாக. நிறைய ரன்னர் துத்தநாகக் கலவையை வார்த்துச் செய்தது, ஆத்திரப்பட்டால் படக்கென்று உடையும். ஒரு ஓரம் அழுத்தி, ஓட்டிப் பார்த்து, அப்புறம் மறு ஓரம். முழு ஜிப்பையும் பிரித்து மாற்ற வேண்டிய வேலை ஒரு நிமிடத்தில் முடியும். இதை ஒரு போஸ்டராகப் போட்டால் நான் கடை வாசலிலேயே ஒட்டிக்கொள்வேன், எனக்குத் தொழில் நஷ்டம் என்றாலும் பரவாயில்லை.

மேலே ஒருவர், சிலது ஏன் சரியாகிறது, சிலது ஏன் குப்பைக்குப் போகிறது என்று கேட்டிருக்கிறார். நைலான் சுருள் ஜிப்பில் தனித்தனிப் பல்லே கிடையாது. ஸ்பிரிங் மாதிரி சுற்றிய ஒரே நீள இழை, அதன் வளைவுகள்தான் பல்லாக வேலை செய்கின்றன. நடுவில் பிளந்துவிட்டால் ரன்னரைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய்த் திரும்ப ஓட்டுங்கள், இழை வளைந்து கொடுத்து மறுபடி கோத்துக்கொள்ளும். உலோக ஜிப்பில் ஒவ்வொரு பல்லும் பட்டை ஓரத்துத் தடித்த கயிற்றைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. ஒன்று கழன்றால் அந்த இடம் பொக்கை, ரன்னர் அங்கே தடுமாறும். வார்த்த பிளாஸ்டிக் பல்லும் அப்படித்தான், போனால் போனதுதான்.

இன்னொன்று. உங்கள் ஜீன்ஸ் ரன்னரின் பிடியைக் கீழ்நோக்கி மடக்கிவிட்டுப் பட்டையை இழுத்துப் பாருங்கள், இறங்காது. பிடியைத் தூக்கிவிட்டு இழுங்கள், இறங்கும். உள்ளே ஒரு சின்ன முள், பிடி படுத்தால் பற்களுக்கு நடுவே இறங்கிப் பூட்டிக்கொள்ளும், பிடி எழுந்தால் அதுவும் எழும். ஜீன்ஸ் போடுகிற பாதிப் பேருக்கு இது தெரியாது, ஜிப் தானாக இறங்குகிறது என்று என்னிடம் வந்து நிற்பார்கள்.

படத்தில் ஸ்லைடர் என்றோ நழுவி என்றோ எழுதாதீர்கள். நழுவி என்று கேட்டால் எந்தக் கடையிலும் முழிப்பார்கள். ரன்னர்தான்.

---

வரைகோல் எழுதியது:

தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி :) நழுவி என்றுதான் எழுதி வைத்திருந்தேன், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அழித்துவிட்டேன். முள் விஷயம் இப்போதுதான் செய்து பார்த்தேன், 20 வருடமாக ஜிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

---

புள்ளிக்கோலம் எழுதியது:

எண் இல்லை என்கிறீர்களே, எண் உங்கள் கையிலேயே இருக்கிறது. உலக உற்பத்தி எத்தனை கோடி என்று தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? எங்கிருந்து வந்தது என்று தெரியாத எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவதைவிட நீங்களே எண்ணி எடுத்த சின்ன எண் எவ்வளவோ மேல். ஸ்கேலை வைத்து 10 சென்டிமீட்டருக்கு எத்தனை பல் என்று எண்ணுங்கள், சட்டை ஜிப்பில் ஒன்று, பையில் ஒன்று, கூடாரத்தில் ஒன்று. ஒரு வாரம் முழுக்க நீங்கள் எத்தனை தடவை ஜிப்பை இழுக்கிறீர்கள் என்று குறித்து வையுங்கள். உங்கள் அலமாரியில் இருக்கும் எல்லா ஜிப்பையும் எண்ணி, எத்தனை வேலை செய்கிறது, எத்தனை செய்யவில்லை என்று பாருங்கள். "ஒருத்தியின் ஒரு வாரம்" என்று தாளிலேயே எழுதிவிட்டால் அது முழு நேர்மையான தரவு.

அளவு காட்டும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஜிப்புக்கு 3, 5, 10 என்று எண் உண்டு, ரன்னரின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் பொறித்திருக்கும். மூடிய பல்வரிசையின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர். இதை வட்டமாக வரைந்து, 10-க்கு 5-ஐப் போல இரு மடங்கு விட்டமுள்ள வட்டம் போட்டீர்கள் என்றால் பரப்பு நாலு மடங்காகிவிடும், பார்ப்பவர் கண்ணுக்கு இரு மடங்கைவிட மிகப் பெரிதாகத்தான் தெரியும். செய்தித்தாள்களில் இன்றைக்கும் நடக்கிற தவறு. உங்களுக்கு அந்தத் தொல்லையே வேண்டாம், ஏனென்றால் ஜிப்பை உண்மை அளவிலேயே தாளில் வைத்துவிடலாம். 1-க்கு 1. பார்ப்பவர் தன் சட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மலையையோ விமானத்தையோ எடுத்தவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

அடுத்த தாளில் நேர் எதிராகச் செய்யுங்கள். 5-ம் எண் ஜிப்பின் பல்வரிசை அகலம் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏ2 தாளின் அகலம் 420, எனவே 80 மடங்கு பெரிதாக்கினால் 400 மில்லிமீட்டர், தாளை அடைத்துக்கொண்டு நிற்கும். நீளவாக்கில் வரிசைக்கு 3 பல்தான் தெரியும். மேடும் குழியும் கைப்பிடி அளவு. "80 மடங்கு" என்று மூலையில் எழுதி, பக்கத்திலேயே உண்மை அளவில் அதே ஜிப்பைச் சின்னதாக ஒட்டிவிடுங்கள். நான் பந்தயம் கட்டுகிறேன், எல்லாரும் நிற்கப் போவது அந்தத் தாள் முன்னால்தான்.

எண்ணிக்கையை உருவங்களாகக் காட்டுவதானால் வியன்னாவில் 1925 முதல் ஓட்டோ நொய்ராத் குழு செய்தவற்றைத் தேடிப் பாருங்கள், பின்னாளில் ஐசோடைப் என்று பெயர் வைத்தார்கள். அவர்களுடைய விதி ஒன்றுதான்: அதிகம் என்றால் உருவம் பெரிதாகக் கூடாது, உருவங்களின் எண்ணிக்கை கூட வேண்டும். உருவங்களை வெட்டித் தந்தவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ். ஆனால் எனக்கு அதில் பிடித்த ஆள் மரீ ரைடமைஸ்டர். புள்ளிவிவரக்காரருக்கும் ஓவியருக்கும் நடுவில் உட்கார்ந்து எதைக் காட்டுவது, எதை விடுவது, எந்த வரிசையில் என்று முடிவு செய்கிற வேலை அவருடையது, அதற்கென்று தனிப் பெயரே வைத்திருந்தார்கள், மாற்றுபவர் என்று. உங்கள் 5 தாளிலும் அந்த ஆள் லீவில் போய்விட்டார் என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வரலாற்றுக் கோட்டுக்கு வருகிறேன். பெட்டி பெட்டியாகச் சம இடைவெளியில் ஆண்டுகளைப் போட்டிருப்பீர்கள், சரியா? இப்படி வரைந்து பாருங்கள். 1851-ல் எலியாஸ் ஹோவ், தையல் இயந்திரத்துக்காகப் பேர்போனவர், ஜிப் மாதிரியான ஒன்றுக்குக் காப்புரிமை வாங்குகிறார், விற்க முயலவே இல்லை. 1893-ல் விட்கோம்ப் ஜட்சன் காலணிக்காகக் கொக்கியும் வளையமுமாக ஒன்று செய்கிறார், அது திடீர் திடீரென்று திறந்துகொண்டது. 1913-ல் ஜட்சனுடைய நிறுவனத்தில் வேலை பார்த்த ஸ்வீடன்காரர் கிடியோன் சுண்ட்பேக் கொக்கியைத் தூக்கியெறிந்துவிட்டு, ஒரே மாதிரி மேடு குழிப் பற்களைக் கொண்டுவருகிறார், அங்குலத்துக்கு 4 என்று இருந்ததை 10, 11 ஆக்குகிறார். இன்று நாம் இழுப்பது இதைத்தான். 1923-ல் குட்ரிச் நிறுவனம் தன் ரப்பர் பூட்ஸுக்கு ஜிப்பர் என்று பேர் வைக்கிறது. ஆமாம், பேர் முதலில் பூட்ஸுக்குத்தான், பிறகு பூட்ஸிலிருந்து கழன்று வந்து பூட்டிக்கொள்ளும் பொருளோடு ஒட்டிக்கொண்டது.

இதை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளந்து வரைந்தால், 1851-லிருந்து 1923 வரை 72 சென்டிமீட்டர், ஏ2-ஐக் கிடத்திப் போட்டாலும் 59.4 தான், அதனால் 7 மில்லிமீட்டர் என்று வையுங்கள், 50.4-ல் அடங்கும். இடைவெளி 42 ஆண்டு, 20 ஆண்டு, 10 ஆண்டு. பாதி பாதியாகக் குறைகிறது! நானும் முதலில் துள்ளிக் குதித்தேன். பிறகு, சுண்ட்பேக்கின் காப்புரிமை கையில் கிடைத்த 1917-ஐ எடுத்தால் 42, 24, 6 ஆகிவிடுகிறது, அழகான விதி காணாமல் போய்விட்டது. ஆக, பாதி பாதி என்று தலைப்புப் போடாதீர்கள், நாம் எந்த ஆண்டைப் பொறுக்குகிறோமோ அதுதான் விதியைச் செய்கிறது. ஆனால் அந்த முதல் 42 ஆண்டு வெற்றிடத்தை மட்டும் அப்படியே காலியாக விடுங்கள். அதில் ஒரு படமும் வேண்டாம், ஒரு வரியும் வேண்டாம். ஏன் இத்தனை ஆண்டு பிடித்தது என்ற கேள்விக்கு அந்தக் காலி இடம் பாதிப் பதில்.

---

சும்மாசொன்னேன் எழுதியது:

காலியாக விட்டால் ஆசிரியை "முடிக்கவில்லையா?" என்று கேட்பார் பாருங்கள்.

---

அச்சுப்பிழை எழுதியது:

கேட்டால் கேட்கட்டும். நான் அச்சும் எழுத்தும் மட்டும் சொல்கிறேன், மற்றதை மேலே நன்றாகவே சொல்லிவிட்டார்கள்.

கொம்பு பின்னால் போவது எழுத்துருவின் குற்றம் இல்லை. யூனிகோடில் (கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறை) க-வை முதலிலும் கொம்பை அதற்குப் பின்னும்தான் சேமிக்கிறோம், இடம் மாற்றிக் காட்ட வேண்டியது மென்பொருள். அடோபி மென்பொருளில் பத்தி அமைப்புக்குள் போய் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள், இல்லஸ்ட்ரேட்டரானால் விருப்பத்தேர்வில் இந்திய மொழிகளுக்கான வசதியை முதலில் திறந்துவிட வேண்டியிருக்கும். இங்க்ஸ்கேப் என்ற வரைமென்பொருளில் இந்தத் தொல்லை கிடையாது, நேராக அடிக்கலாம். பாமினி மாதிரி யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவுக்கு ஓடாதீர்கள், இப்போதைக்கு எளிது போலத் தெரியும், நாளைக்கு ஒரு எழுத்துப் பிழை திருத்த உட்கார்ந்தால் அழுகை வரும். முடித்த பிறகு ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்துவிட்டு, அச்சுக்குக் கொடுக்கும் பிரதியில் எழுத்தையெல்லாம் அவுட்லைன், அதாவது வெறும் கோட்டு வடிவம், ஆக்கிவிடுங்கள். அச்சகத்துக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது. ஒருமுறை அவசரத்தில் மறந்துவிட்டு, 200 தாளில் தலைப்பு முழுக்கக் கட்டம் கட்டமாக வந்து நின்றது என் வேலை. அன்றைக்கு வைத்த பேர்தான் இந்தப் பேர்.

தமிழ் போஸ்டரை ஆங்கில போஸ்டரைப் பார்த்து வடிவமைத்தால் சில இடத்தில் இடிக்கும். நம்மிடம் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. தலைப்பைத் தனித்துக் காட்ட அவர்கள் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போட்டுவிடுவார்கள், நமக்குத் தடிமன், அளவு, வண்ணம், சுற்றிலும் காலி இடம், இவைதான். சாய்வெழுத்து வேண்டவே வேண்டாம், பெரும்பாலான தமிழ் எழுத்துருவில் உண்மையான சாய்வே இல்லை, மென்பொருள் நெட்டித் தள்ளிக் கொடுக்கிறது, குடித்துவிட்டு வந்தது போல நிற்கும். மேலே விசிறி, கீழே சுழி என்று இரண்டு பக்கமும் நீள்வதால் மேல்வரியின் மூவும் கீழ்வரியின் கீயும் முட்டிக்கொள்ளும், வரி இடைவெளியை எழுத்து அளவைப் போல ஒன்றரை மடங்காவது விடுங்கள்.

பெரிய தொல்லை குறுகலான அடையாளக் குறிப்புகள். அம்பு போட்டு அதன் நுனியில் "இணைக்கப்பட்டிருக்கும் பகுதி" என்று எழுதினால் முதல் சொல்லே அம்பைவிட நீளம், உடைக்கவும் முடியாது. அதனால் குறிப்பை எழுதிவிட்டுக் கட்டத்தைச் சுருக்காதீர்கள், குறிப்பையே சுருக்குங்கள். பல். குழி. மேடு. ஆப்பு. ரன்னர். முள். உங்கள் பொருளுக்கு வாய்த்திருக்கும் சொற்களைப் பாருங்கள், எல்லாம் இரண்டெழுத்து, மூன்றெழுத்து, நாலெழுத்து. குக்கரை எடுத்திருந்தால் திண்டாடியிருப்பீர்கள்.

எழுத்துருவுக்கு முக்தா மலர், ஹிந்த் மதுரை, காடமரன், எதை வேண்டுமானாலும் எடுங்கள், இலவசமாகக் கிடைக்கும், பல தடிமன்களில் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு அதிலேயே நில்லுங்கள். தாளில் எந்த எழுத்தும் 24 புள்ளிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று நீங்களே விதி வைத்துக்கொள்ளுங்கள், இடம் போதவில்லை என்றால் சொல் அதிகம் என்று அர்த்தம். நீலம் மஞ்சள் நல்ல தேர்வு, சிவப்பு பச்சை போட்டிருந்தால் அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இரண்டு பட்டையும் ஒன்றாகவே தெரியும். எதற்கும் ஒரு தடவை கறுப்பு வெள்ளையில் அச்சடித்துப் பாருங்கள், அதிலும் இடது எது வலது எது என்று தெரிந்தால் தப்பித்தீர்கள்.

கடைசியாக அந்த ஓடும் ஜிப். யோசனை அழகு, சுவரில் ஏமாற்றும். தாளை வெட்டும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அங்கே இங்கே போகும், யாராலும் தடுக்க முடியாது. மாட்டும்போது இன்னும் கொஞ்சம் போகும். பல்வரிசை மாதிரி ஒழுங்கான ஒன்று தாள் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கண் நேராக அங்கேதான் போகும். ஜிப்பைப் பற்றிய போஸ்டரில் ஜிப் சேரவில்லை என்றால் சிரிப்பார்கள். அதோடு யாராவது மூன்றாவதை மட்டும் கழற்றிப் போய்விட்டால்? நான் என்ன செய்வேன் என்றால், ஜிப்பை விளிம்புக்கு வரவிடாமல் இரண்டு பக்கமும் 3 சென்டிமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிடுவேன், ஆனால் எல்லாத் தாளிலும் ஒரே உயரத்தில். கண் தானாகவே சேர்த்துப் படித்துக்கொள்ளும். பின்னணி வண்ணம் விளிம்பு வரை போகிறது என்றால் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் அதிகம் விட மறக்காதீர்கள், இல்லையென்றால் வெட்டிய ஓரத்தில் வெள்ளைக் கோடு பல்லைக் காட்டும்.

---

வரைகோல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, 4 நாள் கழித்து வருகிறேன். பழைய 5-ஐயும் ஓரமாக வைத்துவிட்டேன் (அழிக்க மனம் வரவில்லை). இப்போது இருப்பவை: "எப்படிப் பூட்டுகிறது?" அறுத்த ரன்னர், 6 பல். "எவ்வளவு பெரியது?" உண்மை அளவில் 3, 5, 10. "உள்ளே என்ன?" 80 மடங்கு. "ஏன் இவ்வளவு நாள்?" காலி இடத்தோடு. "போச்சா, சரியாகுமா?" இது ஊசிநூல் அண்ணாவுக்காக, மூன்று வகை ஜிப், எது பிழைக்கும், எது பிழைக்காது, குறடை எங்கே வைப்பது.

ரன்னரை அறுத்தேன். வாள் வழுக்கி இரண்டு தடவை கெட்டு மூன்றாவதில் வந்தது. ஆப்பு மொழுக்கென்றுதான் இருக்கிறது. பல் எண்ணியதில் ஒரு குழப்பம், பழைய ஜீன்ஸில் 10 சென்டிமீட்டருக்கு இடது பக்கம் 39, வலது பக்கம் 40 என்று வந்தது, பிசகா என்று மூன்று முறை எண்ணினேன். அப்புறம்தான் புரிந்தது, ஒன்றுவிட்டு ஒன்று உட்காருவதால் நான் ஸ்கேல் வைத்த இடத்தைப் பொறுத்து ஒரு பக்கம் அரைப்பல் முன்னால் நிற்கிறது. அதையும் தாளில் போட்டுவிட்டேன்.

ஏ2-ஐ 4 ஏ4 தாளாகப் பிரித்து வீட்டு அச்சுப்பொறியில் எடுத்துச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். 80 மடங்கு தாளில் பக்கத்து வீட்டுப் பையன் வந்து நின்று "இது என்ன அக்கா, முதலையா?" என்று கேட்டான். நல்லதா கெட்டதா தெரியவில்லை. உண்மை அளவு ஜிப்பைப் பக்கத்தில் ஒட்டச் சொன்னீர்களே, அதை ஒட்டிய பிறகு தன் நிக்கரைப் பார்த்துக்கொண்டான்.

ஒரு சந்தேகம் மட்டும். ஐந்தாவது தாளில் குறடு பிடிக்கிற கையையும் வரையவா, குறடு மட்டும் போதுமா?

---

ஊசிநூல் எழுதியது:

கை வேண்டும் தங்கச்சி. எவ்வளவு அழுத்துவது என்பது குறட்டில் தெரியாது, விரலில்தான் தெரியும். இரண்டு விரலால் பிடித்திருப்பது போல வரையுங்கள், முஷ்டியாக வரைந்தால் உடைத்துவிடுவார்கள். அச்சடித்ததும் ஐந்தாவதில் எனக்கு ஒன்று.